கத்திரியிலும் கதவைத் திறந்து வையுங்கள்

நுங்கு, பதநீர், கிணற்றுக் குளியல், மொட்டை மாடித் தூக்கம் என்று செலவில்லாத கோடை இன்பங்கள் எல்லாமே வாசலுக்கு வெளியேதான் இருக்கின்றன. முள்ளும் கொடுக்கும் மின்னலும் அங்கேதான் இருக்கின்றன. பிள்ளைகளை வெளியே அனுப்ப நினைக்கும் வீடுகளுக்காக ஒரு கோடை வழிகாட்டி.

முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே நம் வீடுகளில் ஓர் ஊரடங்கு அமலுக்கு வந்துவிடுகிறது. வெயில் கொளுத்துகிறது, வெளியே போகாதே. முள் குத்தும், தேள் கொட்டும், கிணற்றுப் பக்கம் போய்விடுவாய், போகாதே. தாத்தா பாட்டி ஊருக்குப் போகும் பிள்ளைகளுக்கும் இப்போது இதே சட்டம்தான். ஜன்னல் சாத்திய அறை, தலைக்கு மேல் மின்விசிறி, கையில் செல்போன் என்று ஏப்ரலும் மேயும் கழிந்துவிடுகின்றன.

பெற்றோரின் பயம் பொய்யல்ல. ஒவ்வொரு கோடையிலும் குளத்திலும் குவாரிக் குட்டையிலும் பிள்ளைகளைப் பறிகொடுக்கும் ஊர்கள் இருக்கின்றன. ஆனால் நெருஞ்சி முள்ளுக்கும் குவாரிக் குட்டைக்கும் ஒரே அளவு பயப்படுவதுதான் சிக்கல். முன்னது அரை நாள் வலியோடு போய்விடும்; பின்னது உயிரையே கேட்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கும் அறிவை முன்பெல்லாம் தெருவே கொடுத்தது. எந்த மரத்தில் கதண்டு கூடு கட்டியிருக்கிறது, எந்தக் கிணற்றில் படி உடைந்திருக்கிறது என்று பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தார்கள். தெரு வெறிச்சோடிவிட்ட இந்நாளில் அந்தப் பாடத்தை வீட்டுப் பெரியவர்கள்தான் நடத்தியாக வேண்டும்.

கண்ணுக்கு வெளிச்சம் வேண்டும்

வெளியே விளையாடினால் பசி எடுக்கும், தூக்கம் வரும் என்பதை எல்லோரும் அறிவோம். கண்ணுக்கும் அது மருந்து என்பது அண்மைக்காலத்தில் உறுதியான உண்மை. சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளின் முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பள்ளிகளில் நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் பிள்ளைகளை வெளியே இருக்கச் செய்தார்கள். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது, வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 39.5 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே விடப்பட்ட பிள்ளைகளிடம் அது 30.4 விழுக்காடாக இருந்தது. 2015இல் வெளியான முடிவு இது.

நல்ல வெளிச்சம் படும்போது விழித்திரையில் டோபமைன் சுரக்கிறது, கண்விழி அளவுக்கு மீறி நீண்டுவிடாமல் அது தடுக்கிறது என்பது மருத்துவர்கள் தரும் விளக்கம். இதில் நமக்கு மிகவும் உதவும் செய்தி ஒன்று உண்டு. சுட்டெரிக்கும் வெயிலில் நிற்கத் தேவையே இல்லை. மர நிழலில் கிடைக்கும் வெளிச்சமே வீட்டு அறையின் வெளிச்சத்தைப் போலப் பல மடங்கு. வேப்ப மரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்து கதை படித்தாலும் கண்ணுக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

வெயிலுக்கு நேரம் உண்டு

தமிழ்நாட்டின் தலைக்கு நேர் மேலே சூரியன் வருவது ஏப்ரலில். கன்னியாகுமரியில் ஏப்ரல் 11 வாக்கிலும் சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலும் உச்சி வேளையில் செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழல் விழாது. நிழலில்லா நாள் என்று அறிவியல் இயக்கத்தினர் அதைக் கொண்டாடுகிறார்கள். ஒரு குச்சி, ஒரு சமதளம், கொஞ்சம் பொறுமை இருந்தால் எந்த வீட்டு முற்றத்திலும் பிள்ளைகள் இதைப் பார்த்துவிடலாம்.

சூரியன் தலைக்கு மேலிருந்து நகர்ந்த பிறகும் நிலம் சூட்டைச் சேர்த்துக்கொண்டே போவதால்தான் மே மாதம் இன்னும் கொதிக்கிறது. பஞ்சாங்கம் சொல்லும் அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடிகிறது. கடற்கரை ஊர்களை அந்த நாட்களில் காப்பாற்றுவது கடற்காற்றுதான். நிலம் சுட்டு அதன் மேலுள்ள காற்று எழும்பும்போது, கடலின் குளிர்ந்த காற்று அந்த இடத்தை நிரப்ப உள்ளே வருகிறது. மேற்கிலிருந்து தரைக்காற்று பலமாக வீசும் நாட்களில் கடற்காற்று தாமதமாகும். அன்றைக்குத்தான் சென்னை வெந்து தணியும். 2003 மே இறுதியில் சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது.

வெயிலோடு வாழ்ந்த தலைமுறைகள் அதன் நேரத்தை அறிந்து வாழ்ந்தார்கள். விடிவதற்கு முன் ஏர் பூட்டி, உச்சிக்கு முன் நிழலுக்குத் திரும்பி, வெயில் தாழ்ந்த பிறகு மீண்டும் இறங்கினார்கள். விடுமுறைப் பிள்ளைக்கும் அதே நேரக் கணக்கு பொருந்தும். முற்பகல் பதினொரு மணியிலிருந்து பிற்பகல் நான்கு மணி வரை நிழல். மற்ற நேரமெல்லாம் வெளி.

அதிலும் ஒரு நிதானம் வேண்டும். சூட்டுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும். வியர்வையில் உப்பைக் குறைவாக இழக்கும். ஆண்டு முழுதும் அறைக்குள் இருந்த பிள்ளையை முதல் நாளே மைதானத்தில் விட்டுவிடாமல், நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுங்கள்.

விடியல்: பதநீரும் நெருஞ்சியும்

கோடை விடியலுக்கு இணையான விடியல் வேறெந்தப் பருவத்திலும் இல்லை. இருட்டு பிரியும் முன்பே குயில் கூவத் தொடங்கிவிடும். கூவுவது கறுத்த ஆண். புள்ளிபோட்ட பெண் குயில் காக்கைக் கூட்டைத் தேடிக்கொண்டிருக்கும். வேப்பம்பூ உதிர்ந்த மண்ணில் கசப்பும் இனிப்பும் கலந்த ஒரு வாசம். சரக்கொன்றை மஞ்சளாகச் சரம் சரமாகத் தொங்கும்.

தென் மாவட்டங்களில் இது பதநீர் நேரம். பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவைக்கிறார் பனையேறி. சுண்ணாம்பு இல்லாவிட்டால் அது புளித்துக் கள்ளாகிவிடும். பனையோலைப் பட்டையில் பதநீரை ஊற்றி, நுங்கையும் நறுக்கிப் போட்டுக் குடிப்பது கோடையின் மிக எளிய விருந்து. தமிழ்நாட்டின் மாநில மரமான பனை தரும் இந்த விருந்தைச் சுவைக்காமலே ஒரு பிள்ளை இங்கே வளர்ந்துவிடக் கூடாது. வெயில் ஏறுவதற்குள், மரத்திலிருந்து இறக்கிய சூட்டோடு வடிகட்டிக் குடித்துவிட வேண்டும். நுங்கு தின்ற பிறகு மிஞ்சும் ஓடுகள் இரண்டையும் ஒரு குச்சியில் கோத்தால் வண்டி தயார். கவட்டைக் குச்சியால் அதைத் தள்ளிக்கொண்டு ஊரையே சுற்றி வரலாம்.

அப்படி ஓடும்போதுதான் நெருஞ்சி குத்தும். தரையோடு படர்ந்து, சூரியனைப் பார்த்து மலரும் மஞ்சள் பூ. அது காயாகும்போது முள். அள்ளூர் நன்முல்லையாரின் குறுந்தொகைப் பாடல் ஒன்று, முன்பு இனித்துப் பின்பு வருத்தும் காதலனுக்கு இந்த நெருஞ்சியைத்தான் உவமையாக்குகிறது. கண்ணுக்கு இனிய பூ முள்ளாகும் என்பதைச் சங்க காலத்துப் பெண் அறிந்திருந்தாள், காரணம் அவள் கால் அந்த மண்ணில் நடந்திருந்தது.

சப்பாத்திக்கள்ளிப் பழமும் அப்படித்தான். வாயெல்லாம் சிவக்கவைக்கும் சுவைக்கு முன்னால், கண்ணுக்குத் தெரியாத மயிர் முட்கள் காத்திருக்கும். மண்ணில் நன்றாகத் தேய்த்து, கீறி, உள்ளே இருப்பதை மட்டும் எடுக்கத் தெரிந்தவரோடு போக வேண்டும். விரலில் மயிர் முள் ஏறினால் தேய்க்காமல், ஒட்டும் டேப்பை ஒட்டி உரித்தால் பெரும்பாலும் வந்துவிடும். பெரிய முள்ளானால் சுத்தமான ஊசியால் எடுத்துச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். துருப்பிடித்த ஆணிக்கு மட்டும்தான் தடுப்பூசி என்ற எண்ணம் தவறு. மண் படிந்த முள் ஆழமாகக் குத்தினாலும் டெட்டனஸ் வரலாம். பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போட வேண்டிய தவணைகளைத் தவறவிட்டிருந்தால் இந்த விடுமுறையில் போட்டுவிடுங்கள்.

முற்பகல்: தண்ணீர் தரும் இன்பம், தண்ணீர் கேட்கும் மரியாதை

கொங்கு நாட்டுக் கிணறுகள் பல தலைமுறைகளுக்கு நீச்சல் பள்ளிகளாக இருந்தன. முதுகில் காய்ந்த சுரைப்புருடையையோ வாழைத்தண்டையோ டியூப்பையோ கட்டி, இடுப்பில் கயிறு பிணைத்து, கயிற்றின் மறுமுனையை மாமாவோ சித்தப்பாவோ பிடித்திருப்பார். நாலு நாள் தண்ணீர் குடித்து, மூக்கில் ஏறி இருமி, ஐந்தாம் நாள் கயிறு இல்லாமல் கரையைத் தொடும் பிள்ளையின் முகத்தில் தெரியும் பெருமிதத்தை எந்த விளையாட்டுச் செயலியாலும் தர முடியாது.

கோடையின் ஆபத்துகளில் பெரியதும் இங்கேதான் இருக்கிறது. இதில் சமரசமே கூடாது. குவாரிக் குட்டைக்குக் கரைச் சரிவு கிடையாது. ஓரடி எடுத்து வைத்தால் பல அடி ஆழம். மணல் அள்ளிய ஆற்றில் முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடியிலேயே குழி இருக்கும். மூழ்குகிறவர் கத்துவார், கையை ஆட்டுவார் என்று நாம் நினைக்கிறோம். மூச்சுக்குத் தவிக்கும் வாயால் கத்த முடியாது. பெரும்பாலும் சத்தமே இல்லாமல் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். எனவே தண்ணீரில் பிள்ளைகள் இருக்கும்போது பெரியவர் ஒருவரின் கண் அவர்கள் மேலேயே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவர் கையில் செல்போன் இருக்கக் கூடாது.

மூழ்குகிறவரைக் காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து இறப்பது நம் ஊர்களில் திரும்பத் திரும்ப நடக்கிறது. நீச்சல் தெரியாதவர் குதிக்கவே கூடாது. வேட்டி, சேலை, கயிறு, மூடி போட்ட காலி கேன், குடம் என்று கைக்குக் கிடைத்ததை வீச வேண்டும். இதை எட்டு வயதுப் பிள்ளைக்கும் சொல்லித்தர முடியும்.

அருவிகளில் வேறொரு எச்சரிக்கை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. நாம் நிற்கும் இடத்தில் வானம் வெளுத்திருந்தாலும் மலை மேல் மழை பெய்துகொண்டிருக்கலாம். தண்ணீர் நிறம் கலங்கினால், இலையும் குச்சியும் அடித்து வந்தால், இரைச்சல் கூடினால், சோப்பையும் துண்டையும் விட்டுவிட்டு அந்த நொடியே வெளியேற வேண்டும்.

கடலில் கால் நனைப்பது சென்னைக்காரர்களின் கோடை. அலைகள் கரைக்குக் கொண்டுவந்த நீர் சில இடங்களில் குறுகிய ஓடையாக வேகமெடுத்துக் கடலுக்குத் திரும்பும். அதில் சிக்கியவர் கரையை நோக்கி நீந்திக் களைத்துத்தான் மூழ்குகிறார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் அந்த இழுப்பிலிருந்து வெளியே வந்துவிடலாம். நீச்சல் தெரியாதவர்களுக்குக் கணுக்கால் அளவு தண்ணீர் போதும்.

உச்சி வேளை: நிழலின் ராஜ்ஜியம்

உச்சி வெயிலில் தோப்புக்குள் நுழைவது தனி சுகம். மாந்தோப்பில் கல்லெறிந்து விழுத்திய காயை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்னாத விடுமுறை ஒரு விடுமுறையா? காம்பை ஒடித்ததும் பீய்ச்சும் பாலில் மட்டும் கவனம் தேவை. உதட்டோரம் பட்டால் தோல் வெந்து புண்ணாகும், கருத்துத் தழும்பாகும். மாவும் முந்திரியும் ஒரே குடும்பத்து மரங்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டையின் ஓட்டுப் பால் கையைப் புண்ணாக்கிவிடுவதும் அதே வகை எரிச்சலால்தான். காயைத் தலைகீழாகப் பிடித்துப் பாலை வடியவிட்டு, கழுவிவிட்டு நறுக்கினால் போதும்.

சாத்தூர் வெள்ளரிப்பிஞ்சு, சுருள் சுருளாகத் தொங்கும் கொடுக்காப்புளி என்று இந்தப் பருவத்தின் தின்பண்டங்களை மரமும் கொடியுமே தருகின்றன. பல்லாங்குழி, தாயம், பரமபதம் எல்லாம் திண்ணைக்கும் மரத்தடிக்கும் என்றே பிறந்த ஆட்டங்கள். உச்சி வேளைகளை அவற்றிடம் ஒப்படைத்துவிடலாம்.

தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடிக்கப் பழக்குங்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் நாம் இழப்பதோ பெரும்பாலும் சோடியம். அதனால் நிறைய வியர்த்தவருக்கு உப்புப் போட்ட நீர்மோர் நல்ல துணை. சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் இளநீர் குடிக்கக் கூடாது. வியர்க்குரு என்பது வியர்வைக் குழாய் அடைபட்டு வருவது. அதன் மேல் பவுடரை அப்புவதைவிடக் குளிர்ந்த நீரில் குளித்துத் தளர்ந்த பருத்தி உடை போடுவதே பலன் தரும். நிறுத்திய காருக்குள் பிள்ளையை ஐந்து நிமிடம்கூட விட்டுச் செல்லாதீர்கள். கண்ணாடி ஏற்றிய கார் சில நிமிடங்களிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும்.

தலை சுற்றல், குமட்டல், மிகுந்த வியர்வை என்றால் உடம்பு எச்சரிக்கிறது என்று பொருள். நிழல், தண்ணீர், ஓய்வு போதும். பேச்சு குழறினால், நடத்தை மாறினால், மயங்கினால், உடம்பு நெருப்பாய்ச் சுட்டால் அது வெப்பவாதம். 108ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024இல் அறிவித்திருக்கிறது. வெயிலை வேலையாகவே சுமக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும் இந்த அறிவு நம் பிள்ளைகளைவிட அதிகம் தேவை. அவர்கள் கேட்காமலே ஒரு சொம்புத் தண்ணீர் கொடுக்கப் பிள்ளைகளைப் பழக்குவதும் கோடைப் பாடம்தான்.

மாலை: காற்றும் மழையும்

வெயில் தாழ்ந்ததும் கில்லி, பம்பரம், பட்டம். கில்லி அடிக்கும் கோட்டுக்கு நேரே சின்னப் பிள்ளைகள் நிற்கக் கூடாது. கண்ணில் பட்டால் பார்வை போகும். பட்டத்துக்குப் பருத்தி நூல் மட்டும். கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா, இரு சக்கர வண்டியில் போகிறவரின் கழுத்தை அறுத்த சம்பவங்கள் நம் நகரங்களில் நடந்திருக்கின்றன. அதைத் தொடாத பட்டமும் அதே வானத்தில்தான் பறக்கும்.

எதிர்பாராத ஒரு மாலையில் கோடை மழை வரும். முதல் துளிகள் விழுந்ததும் எழும் மண் வாசனைக்கு, மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் முக்கியக் காரணம். ஆலங்கட்டி பொறுக்கலாம், நனையலாம். இடி கேட்கும் வரை மட்டும். இடி காதில் விழுந்தால் மின்னல் நம்மை எட்டும் தொலைவில் இருக்கிறது. மரத்தடி அப்போது மிக மோசமான இடம். கான்கிரீட் வீட்டுக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகே மைதானத்துக்குத் திரும்பலாம்.

தேனீ கொட்டினால் கொடுக்கு தோலில் தங்கி, விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். எப்படியாவது உடனே எடுத்துவிட வேண்டும். நகத்தால் சுரண்டினாலும் சரி. ஒன்றிரண்டு கொட்டு வீங்கி வடியும். பல கொட்டுகள், மூச்சுத் திணறல், முகம் வீங்குதல் என்றால் மருத்துவமனை. பனையிலும் தென்னையிலும் கூடு வைக்கும் கதண்டு கூட்டமாகக் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. அந்தக் கூட்டைக் கல்லால் அடிக்கக் கூடாது. தீயணைப்புத் துறைக்குச் சொல்ல வேண்டும்.

இரவு: நட்சத்திரங்களுக்குக் கீழே

சாயங்காலமே மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துவிட்டால் இரவு பாய் விரிக்கலாம். கைப்பிடிச் சுவர் உயரமாக இருக்கும் மாடியில் மட்டும். மே மாத வானத்தில் வடக்கே சப்தரிஷிகள், வசிட்டரை ஒட்டி மங்கலாக அருந்ததி. அந்தத் தொகுதியின் வால் வளைவை நீட்டிக்கொண்டே போனால் செம்மஞ்சளாகச் சுவாதி, அதையும் தாண்டினால் வெண்ணிறச் சித்திரை. சித்திரா பௌர்ணமி நிலவு இந்தச் சித்திரை நட்சத்திரத்தின் அருகேதான் நிற்கும். தெற்கே தொடுவானத்துக்குச் சற்று மேலே திரிசங்கு. வட இந்தியாவின் பெரும்பகுதிக்கு எளிதில் கிட்டாத அந்தச் சிலுவை வடிவம் நமக்கு மொட்டை மாடியிலேயே கிடைக்கிறது.

கிராமத்தில் தரையில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிக்கொள்ளுங்கள். இரவில் உலவும் கட்டுவிரியன் கடித்தால் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இருக்காது. விடியலில் கண் இமை சரிவதுதான் முதல் அடையாளமாக இருக்கும். கொசுவலை கொசுவோடு அதையும் தடுக்கிறது. இருட்டில் நடக்கும்போது டார்ச் கட்டாயம். செருப்பை உதறிவிட்டுப் போடுவது பிள்ளைகளுக்கு வாழ்நாள் பழக்கமாக வேண்டும்.

தேளில் பலரும் பயப்படுவது பெரிய கருந்தேளுக்கு. உண்மையில் குழந்தைகளின் இதயத்தைப் பாதிப்பது சிறிய செந்தேள். மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், பிராசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரை செந்தேள் விஷத்துக்கு எதிராக வேலை செய்வதைக் கண்டறிந்த பிறகு இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. அது அரசு மருத்துவமனையில் கிடைக்கும் மருத்துவம். மந்திரிக்கப் போய் நேரத்தை வீணாக்காதீர்கள். பாம்புக்கடிக்கும் அப்படியே. சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் விஷத்திலிருந்துதான் நாட்டின் பல மருத்துவமனைகளுக்கான முறிமருந்து உருவாகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் கடிக்கும் அது பயன்படும்.

வீட்டுச் சுவரில் ஒட்டிவைக்க

* வாந்தி, பேதி, மிகுந்த வியர்வை: ஓஆர்எஸ் பாக்கெட். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.
* நாய், பூனை, குரங்கு கடித்தால், கீறினால்: சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி. இது சின்ன ஆபத்துக் கணக்கில் சேராது.
* பாம்பு கடித்தால்: கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல் மருத்துவமனைக்கு.
* கடல் சொறி மீன் பட்டால்: தேய்க்காமல் கடல் நீரால் கழுவி, ஒட்டியதை அகற்றி, தாங்கக்கூடிய சுடுநீரில் வைக்க வேண்டும்.
* தண்ணீரில் மூழ்கியவருக்கு மூச்சு இல்லையென்றால்: உடனே செயற்கைச் சுவாசமும் நெஞ்சு அழுத்தமும், தலைகீழாகப் பிடித்துத் தண்ணீரை வெளியேற்ற முயல வேண்டாம்.

வீடு மட்டும் போதாது

இவ்வளவும் பெற்றோரால் முடிந்தவை. அவர்களால் முடியாதவையும் உண்டு. விடுமுறை என்பதால் பூட்டிக் கிடக்கும் பள்ளி மைதானங்களைக் காலையிலும் மாலையிலும் தெருப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம். ஒரு காவலாளியும் குடிதண்ணீரும் இருந்தால் போதும். கைவிட்ட குவாரிகளுக்கு வேலி போடுவது உள்ளாட்சியின் கடமை, அதைக் கேட்பது கிராம சபையின் உரிமை. சாலை விரிவாக்கத்தில் வெட்டிய புளிய மரங்களுக்கும் வேப்ப மரங்களுக்கும் பதிலாக, நிழல் தரும் மரங்களையே நட வேண்டும். அழகுச் செடிகளுக்கு அடியில் யாரும் இளைப்பாற முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக நீச்சல். ஆறும் ஏரியும் கிணறும் கடலும் சூழ்ந்த இந்த மாநிலத்தில் அது பணம் கட்டிக் கற்கும் கலையாகச் சுருங்கியிருப்பது பெரும் அநீதி. வாய்ப்பாடு சொல்லத் தெரியாமல் ஒரு பிள்ளை ஐந்தாம் வகுப்பைத் தாண்டுவதை நாம் ஏற்பதில்லை. நீந்தத் தெரியாமல் தாண்டுவதையும் ஏற்கக் கூடாது. ஒவ்வொரு ஒன்றியத்திலும் பாதுகாப்பான ஒரு குளம், ஒரு பயிற்றுநர், ஏப்ரலும் மேயும் இலவச வகுப்பு: அடுத்த கோடைக்குள் இதைச் செய்து முடிக்க அரசால் முடியும். கேட்க வேண்டியது நாம்.